எரியும் பாதங்களும் எறிந்த தவிடும்

(இ.இ.இ. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)



ராத்திரி பத்து மணிக்கு மேலே ஒருத்தன் உள்ளங்காலை ஈரத் தரையில் வைத்துத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாம் என்ன சொல்வோம்? "என்னல மக்கா, உடம்பு சூடா? நல்லெண்ணெய் தேச்சுக் குளி, சரியாப் போகும்" என்போம். வீட்டில் அப்பா "காலெல்லாம் எரியுது, ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்றால், "நாள் பூரா உப்புத் தண்ணியில நின்னா எரியாதா?" என்று அம்மா சொல்வார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் பல நேரங்களில் அது சூடும் இல்லை, உப்பும் இல்லை. அது நரம்பின் பட்டினி. வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்கும் நரம்பு பட்டினி கிடக்கலாம். இந்த விஷயத்தைக் கண்டுபிடித்த கதையில் நம்ம தமிழ்நாட்டு மலை ஊர் ஒன்றும், நாம் தினமும் சாப்பிடுகிற புழுங்கல் அரிசியும் முக்கியமான இடத்தில் நிற்கின்றன. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கால் ஏன் முதலில்?

நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். நமக்குக் கேபிள் தெரியும். நரம்பும் ஒரு கேபிள்தான். நடுவில் கடத்தி இழை. அதைச் சுற்றி மயலின் என்கிற கொழுப்பு உறை, அதாவது இன்சுலேஷன். உறை உள்ள இழையில் செய்தி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் ஓடும். எரிச்சலையும் வலியையும் கொண்டுபோகிற மிக மெல்லிய இழைகளுக்கு அந்த உறை கிடையாது. அவற்றில் செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும்.

கட்டைவிரல் நுனியில் தொடுகிற உணர்ச்சியை எடுத்துப்போகும் இழை, இடுப்புப் பக்கம் முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிற ஒரே ஒரு செல்லிலிருந்து புறப்படுகிறது. வளர்ந்த மனிதனுக்கு அதன் நீளம் சுமார் ஒரு மீட்டர். அந்தச் சின்னஞ்சிறு செல்தான் அத்தனை நீளத்துக்கும் சரக்கு அனுப்பவேண்டும். துறைமுகத்தில் ஒரு குடோனிலிருந்து கோவில்பட்டிக்கும் அப்பால் கடைசிக் கடைவரை லாரி போகிற மாதிரி. லாரிக்கு டீசல் குறைந்தால் எந்தக் கடைக்கு முதலில் சரக்கு நிற்கும்? கடைசிக் கடைக்குத்தான். உடம்பில் அந்தக் கடைசிக் கடை நம்ம உள்ளங்கால். அதனால்தான் இந்த நோய் இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்டதுபோல மேலே ஏறும். முழங்கால் வரைக்கும் வந்த பிறகு கைவிரல் நுனியிலும் தொடங்கும்.

அந்த டீசல் எது? சோறு கொடுப்பது மாவுச்சத்து. அதை எரித்துச் சக்தியாக்க ஒரு தீக்குச்சி வேண்டும். அந்தத் தீக்குச்சிதான் தயமின் என்கிற வைட்டமின் பி1. சோறு எவ்வளவு அதிகமோ அவ்வளவு பி1 தேவை. உடம்பில் இதற்குப் பெரிய சேமிப்பும் இல்லை. மொத்தமே சுமார் 30 மில்லிகிராம்தான். வரவு நின்றுபோனால் இரண்டு மூன்று வாரத்தில் கையிருப்பு காலி.

பெரிபெரி

பி1 குறைந்தால் வருகிற நோயின் பெயர் பெரிபெரி. சிங்கள மொழியில் "முடியாது, முடியாது" என்கிற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள். உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியாது, கெண்டைக்கால் கல்லாக இறுகும், பாதம் மரத்துப்போகும். சிலருக்கு இதயம் வீங்கி, கால் நீர்கோத்து, உயிரே போய்விடும். சென்னை ராணுவத்தில் இருந்த மால்கம்சன் என்ற டாக்டர் இதைப்பற்றி எழுதிய புத்தகம் 1835-லேயே சென்னையில் அச்சானது. அதில் பாத எரிச்சலைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால் 1826-ல் கிரியர்சன் என்ற டாக்டர், பர்மாவில் சிப்பாய்களுக்கு வந்த பாத எரிச்சலைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. விஷக்காற்று என்றார்கள், கிருமி என்றார்கள்.

நீராவி இயந்திர அரிசி ஆலைகள் வந்த பிறகு நோய் இன்னும் பெருகியது. உரலும் உலக்கையும் இருந்தவரை அரிசியில் கொஞ்சம் தவிடு ஒட்டிக்கொண்டிருக்கும். மெஷின் அதை முழுசாகச் சீவி, மல்லிகைப் பூ மாதிரி வெள்ளை வெளேரென்று ஆக்கிக் கொடுத்தது. மனிதன் வெள்ளைச் சோற்றைத் தின்றான். மாடு தவிட்டைத் தின்றது. மாட்டுக்குப் பெரிபெரி வரவில்லை!

1890-களில் ஜாவாவில் ஐக்மான் என்ற டச்சு டாக்டர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்தால் அவை எழுந்து நடப்பதையும் பார்த்தார். 1929-ல் அவருக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

கோலாலம்பூர் கணக்கு

மலாயாவில் அப்போது ஒரு விசித்திரம். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளிகள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அதே மலாயாவில் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கோ அந்த நோய் அபூர்வம். ரத்தம் வேறா? சாமி வேறா? இல்லை, அரிசி வேறு. சீனர்கள் சாப்பிட்டது சயாம் நாட்டு வெள்ளைப் பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து போன புழுங்கல் அரிசி. இதை பிராடன் என்ற டாக்டர் எடுத்துச் சொன்னார்.

சொன்னால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? 1905-06-ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற டாக்டர் ஒரு சோதனை செய்தார். நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் மறுபக்கம். ஒரு பக்கத்துக்குப் பச்சரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கல் அரிசி. மற்றபடி ஒரே சாப்பாடு. கட்டிடத்தில் கிருமி இருக்கலாம் என்ற சந்தேகம் வராமல் இருக்க, நடுவில் இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றியும் பார்த்தார். வெள்ளை அரிசிப் பக்கம் பலருக்கும் பெரிபெரி வந்து, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை.

இன்றைக்கு மனிதர்களை வைத்து இப்படிச் சோதிக்க யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அந்தப் பதினெட்டுப் பேரின் உயிர் உலகத்துக்குச் சொன்ன பாடத்தை மறக்கவும் கூடாது.

குன்னூரில் ஓர் அறை

1918-ல் நம்ம நீலகிரி குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஒரே ஓர் அறைதான்! அதுவே 1928-ல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் நாட்டுக்கே வழிகாட்டுகிறது. சென்னை மாகாணத்தில் பெரிபெரி எங்கே அதிகம் என்று பார்த்தபோது, மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வட சர்க்கார் கடற்கரை மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கரையோரத்தில்தான் அது குடிகொண்டிருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தெற்குப் பகுதி தப்பித்திருந்தது.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லவேண்டும். ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்கப் பாதிரியார் குடும்பத்துப் பிள்ளை. 1886-ல் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். வளர்ந்து மணிலாவில் வேலைக்குப் போனவர், பெரிபெரி வந்த குழந்தைகளுக்குத் தவிட்டுச் சாறு கொடுத்தால் உயிர் திரும்புவதைப் பார்த்தார். அதிலே இருக்கிற பொருள் எது என்று தேடத் தொடங்கி, கால் நூற்றாண்டு விடாமல் உழைத்து, 1936-ல் தயமினைச் சோதனைக்கூடத்திலேயே தயாரித்துக் காட்டினார். இன்று மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற பி1 மாத்திரைக்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

புழுங்கல் அரிசியின் இன்ஜினியரிங்

நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, பிறகு குத்துகிறோம். இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? பி1 தண்ணீரில் கரையும். நெல்லில் அது தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கிறது. ஊறும்போது அது கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. அவிக்கும்போது மாவுச்சத்து கூழாகி இறுகி, அதை உள்ளேயே பூட்டிவிடுகிறது. பிறகு மெஷின் மேலே எவ்வளவு சீவினாலும் உள்ளே போனது போகாது. ஆராய்ச்சிக்கூடம் என்ற வார்த்தையே தெரியாத நம்ம பாட்டிமார் செய்த இன்ஜினியரிங் இது.

கணக்கில் பார்ப்போம். 100 கிராம் மில் பச்சரிசியில் பி1 சுமார் 0.06 மில்லிகிராம்; மில் புழுங்கல் அரிசியில் சுமார் 0.21. ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி சாப்பிடுகிறவனுக்குப் பச்சரிசியில் 0.24, புழுங்கலில் 0.84 மில்லிகிராம். நமக்குத் தேவையோ ஒரு மில்லிகிராமுக்கு மேல். பச்சரிசி கால்வாசி கூடத் தருவதில்லை. புழுங்கல் அதைவிட எவ்வளவோ அதிகம் தருகிறது. மீதியைப் பருப்பும் காயும் மீனும் தரவேண்டும்.

இந்த 0.84-ம் அப்படியே வயிற்றுக்குப் போவதில்லை. அரிசியை நாலைந்து தடவை அரக்கித் தேய்த்துக் கழுவினால் கொஞ்சம் போகும். தண்ணீர் நிறைய வைத்து வேகவைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால் இன்னும் போகும். தண்ணீரில் கரைகிற சத்து தண்ணீரோடுதானே போகும்? வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தவர்கள் ஏழைகள்தான். ஆனால் அந்த விஷயத்தில் புத்திசாலிகள்.

அப்படியும் எரிந்த பாதங்கள்

சரி, புழுங்கல் அரிசி சாப்பிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. இங்கேதான் நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். டாக்டர் சி. கோபாலன். 1918-ல் சேலத்தில் பிறந்தவர். குன்னூர் ஆய்வுக்கூடத்தில் உழைத்து வளர்ந்தவர். பின்னால் ஹைதராபாத் நிறுவனத்துக்கு இயக்குநராகவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்குத் தலைமை இயக்குநராகவும் இருந்தவர். 2019-ல் நூறு வயதில் மறைந்தார்.

1946-ல் அவர் எழுதிய கட்டுரையின் பொருளே எரியும் பாதங்கள்தான். சத்தில்லாத உணவை உண்டு வாழ்ந்த ஏழைகள். உள்ளங்கால் எரியும், ராத்திரியில் அதிகமாகும், வியர்க்கும், தூக்கமே இருக்காது, ஈரத் துணி சுற்றினால்தான் கொஞ்சம் ஆறுதல். பி1 கொடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. பி2-வும் நிக்கோட்டினிக் அமிலமும் உதவவில்லை. பாண்டோதெனிக் அமிலம் என்கிற இன்னொரு பி வைட்டமினை ஊசியாகக் கொடுத்தபோது எரிச்சல் தணிந்தது. இன்றும் மருத்துவப் புத்தகங்களில் இந்த நோய்க்கு கிரியர்சன்-கோபாலன் நோய்க்குறித் தொகுதி என்று ஒரு பெயர் உண்டு.

அந்த ஒரு வைட்டமின் மட்டும்தான் காரணம் என்று இன்றைக்கு யாரும் அடித்துச் சொல்வதில்லை. பட்டினியில் ஒரு சத்து மட்டும் குறைவதில்லை. பலதும் சேர்ந்துதான் குறையும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் பிடிபட்ட கைதிகளின் முகாம்களில் இதே எரிச்சல் பரவியது. ஹாங்காங் கைதிகள் அதற்கு வைத்த பெயர் "கரண்ட் கால்"! ஷாக் அடித்த மாதிரி சுளீர் சுளீரென்று இழுக்குமாம். 1990-களின் தொடக்கத்தில் கியூபாவில், வெளிநாட்டு உதவி நின்று உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கண் நரம்பும் கால் நரம்பும் பாதிக்கப்பட்டன. நாட்டு மக்கள் அத்தனை பேருக்கும் பி வைட்டமின் மாத்திரை கொடுத்த பிறகே அலை அடங்கியது.

இதில் தனியாகச் சொல்லவேண்டியது பி12. பி1 குறைந்தால் கடத்தி இழை வாடும். பி12 குறைந்தால் முக்கியமாக இன்சுலேஷன் உரியும், முதுகுத்தண்டுக்குள்ளேயும் உரியும். பஞ்சு மேல் நடப்பது போலிருக்கும். முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆள் தள்ளாடும். செருப்பு கழன்று விழுந்ததே தெரியாது. பி12 எந்தச் செடியிலும் நமக்குக் கிடைப்பதில்லை. மீன், முட்டை, கறி, பால், தயிர் இவற்றில்தான். கல்லீரலில் சில வருஷத்துக்கு இருப்பு இருப்பதால் குறை மெதுவாக, சத்தமில்லாமல் வரும். சோகைக்கு ஃபோலிக் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் ரத்தம் ஊறிவிடும். நரம்போ உள்ளே கெட்டுக்கொண்டே போகும். ஆகவே டாக்டரைக் கேட்காமல் விழுங்கக்கூடாது.

நம்ம ஊர், நம்ம கால்

இது பழைய கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நாலு பக்கமும் பாருங்கள்.

உப்பளம். காலை முதல் உச்சிவெயில் வரை பாத்தியில் நிற்கிற கால். உணர்ச்சியுள்ள காலுக்கே உப்புக்கல் குத்தினால் புண். உணர்ச்சி போன காலுக்குக் குத்தியதே தெரியாது. புண் பழுத்து, காலையே எடுக்கிற நிலை வருவது அப்படித்தான்.

கப்பல். 1882-ல் புறப்பட்ட ரியூஜோ என்ற ஜப்பானியப் பயிற்சிக் கப்பலில் 376 பேர். அதில் 169 பேருக்குப் பெரிபெரி, 25 பேர் சாவு. டாக்டர் தக்காகி போராடிச் சாப்பாட்டை மாற்றவைத்து, 1884-ல் அதே பாதையில் சுகுபா என்ற கப்பலை அனுப்பினார். சாவு ஒன்றுகூட இல்லை. பழசு என்று தள்ளவேண்டாம். 2005-ல்கூடத் தாய்லாந்து மீன்பிடிக் கப்பலில் பெரிபெரி வந்து உயிர் போயிருக்கிறது. படிப்பு முடித்துக் கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போகிற நண்பர்களே, காசை மிச்சம் பிடிக்க வெறும் சோறும் ஊறுகாயுமாக மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

சங்கு குளிக்கிற அண்ணன்மார் விஷயம் வேறு. இங்கே முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். சங்கு குளிப்பு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. கம்ப்ரசர் காற்றில் ஆழத்துக்குப் போய், வேகமாக மேலே ஏறிய பிறகு கால் மரத்தால் அது சத்துக்குறை அல்ல. ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டியிருக்கும். ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காமல் ஆக்சிஜனும் ஆஸ்பத்திரியும்தான் வழி.

கடைசியாக நாம். காலையில் டீயும் பன்னும், மதியம் அரைகுறை, ராத்திரி பரோட்டாவும் சால்னாவும். கோதுமை மாவில் 100 கிராமுக்குச் சுமார் 0.49 மில்லிகிராம் பி1. மைதாவில் வெறும் 0.12. சில பேர் இதோடு தண்ணியும் அடிக்கிறார்கள். சாராயம் குடலில் பி1-ஐ உறிஞ்ச விடாது. குடிக்கிறவன் ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் முதலில் கால் போகும், அப்புறம் ஞாபகசக்தியும் போகும்.

என்ன செய்யலாம்?

விலை உயர்ந்த டானிக் வேண்டாம். நம்ம மாவட்டத்திலேயே எல்லாம் இருக்கிறது. புழுங்கல் அரிசிச் சோறு, கஞ்சியை வீணாக்காத சமையல். உளுந்தங்களி, உளுந்தஞ்சோறு, பாசிப்பயறு. வேர்க்கடலை பி1-க்குச் சுரங்கம். டீக்குப் பக்கத்தில் பன்னுக்குப் பதில் ஒரு கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வாங்குங்கள். பி12-க்குச் சாளை மீன் போதும், வஞ்சிரம் வேண்டியதில்லை. சைவக்காரர்கள் பாலும் தயிரும் விடக்கூடாது.

மாத்திரையை அளவில்லாமல் விழுங்குவதும் தப்பு. பி6 அதிகமானால் அதுவே கால் நரம்பைக் கெடுக்கும். ஆனால் காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிடுகிறவர்களுக்கு அதே பி6 குறையும். டாக்டர் சேர்த்துக் கொடுக்கும் சின்ன மாத்திரையை அவர்கள் விடக்கூடாது.

கால் எரிந்தாலே சத்துக்குறை என்றும் முடிவு கட்டாதீர்கள். இன்று பாத எரிச்சலுக்கு முதல் காரணம் சர்க்கரை நோய். அதற்குச் சாப்பிடுகிற மெட்பார்மின் மாத்திரை வருஷக்கணக்கில் பி12-ஐக் குறைக்கும் என்பதும் உண்மை. உணர்ச்சியற்ற படை இருந்தால் தொழுநோயாகவும் இருக்கலாம். அதற்கு இலவச மருந்தும் முழு குணமும் உண்டு. எது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். நம்ம இயற்பியல் லேபில் இருக்கிற மாதிரி ஓர் இசைக்கவையை, 128 ஹெர்ட்ஸ், அதிரவைத்துக் கட்டைவிரலில் வைப்பார். அதிர்வு தெரியவில்லை என்றால் கேபிளில் கோளாறு. ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான்.

ஏன் அவசரம் என்றால், நரம்பு இழை திரும்ப வளரும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஒரு ஸ்கேல் நீளம், முப்பது சென்டிமீட்டர் வளரப் பத்து மாதம். எரிகிற கட்டத்தில் பிடித்தால் மீட்டுவிடலாம். எரிச்சல் தானாக நின்று மரத்துப்போனால் "நல்லாப் போச்சு" என்று சந்தோஷப்படுகிறார்கள். அது நல்லாப் போனதில்லை, நண்பர்களே, ஃபியூஸ் போனது!

ஆகவே இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். அப்பா, அம்மா, தாத்தா யாராக இருந்தாலும், அவர்கள் காலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எரிகிறதா, மரக்கிறதா, புண் இருக்கிறதா என்று கேளுங்கள். நம்மைப் படிக்கவைக்க நின்று தேய்ந்த கால் அது. ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று கையைப் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.